சார்ஜ் எங்கே போகிறது? வாசகர் கேள்விகள், ஈரோட்டுக் கடையிலிருந்து பதில்கள்

ஈரோட்டில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2003இல் ஆரம்பித்தேன், நோக்கியா 1100 வந்த வருடம். அதன் பேட்டரியின் கொள்ளளவு 850 எம்ஏஎச். ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று நாள், நான்கு நாள் கவலை இல்லை. இன்று கடைக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் 5000 எம்ஏஎச் பேட்டரி. ஆனாலும் "சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்க மாட்டேங்குதுங்க" என்று தினம் நான்கைந்து பேராவது சொல்கிறார்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலும் அதே பேச்சுதான். அதனால் இந்த முறை முழுக்க பேட்டரி.

கேள்வி: போன் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. காலை 6 மணிக்கு 100 காட்டுகிறது, மதியம் 2 மணிக்கு 20க்கு வந்துவிடுகிறது. நான் அதிகம் பேசுவதுகூடக் கிடையாது. பேட்டரியை மாற்றிவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்

ஐயா, கொஞ்சம் பொறுங்கள். எட்டு மாதத்தில் நல்ல பேட்டரி இப்படி ஆகாது. செலவு எங்கே என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதியைத் திறங்கள். எந்த ஆப் எத்தனை சதவீதம் எடுத்தது என்று அங்கே வரிசையாக இருக்கும். மதியம் சார்ஜ் இறங்கிய பிறகு பார்ப்பது நல்லது, அன்றைய கணக்கு அப்படியே தெரியும். கடைக்கு யார் வந்தாலும் போனைக் கழற்றுவதற்கு முன் நான் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

உங்களைப் போலவே ஒரு பெரியவர் போன மாதம் வந்தார். "போன் எடுத்தாத்தான பேசறேன், மத்த நேரம் சும்மாதான் கெடக்குது" என்றார். திறந்து பார்த்தால் யூடியூப் மட்டும் நாலரை மணி நேரம். விசாரித்தால், காலையில் பூஜை அறையில் போனை நிறுத்திவைத்து பக்திப் பாட்டு கேட்கிறார். பாட்டுக் கேட்பதை அவர் போன் உபயோகம் என்றே நினைக்கவில்லை. யூடியூபை இலவசமாகக் கேட்டால் திரையை அணைத்ததும் பாட்டு நின்றுவிடும், அதனால் நாலரை மணி நேரமும் திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த போனிலேயே எஃப்.எம். ரேடியோ இருந்தது, அதைக் காட்டிக் கொடுத்தேன். மெமரி கார்டில் இருந்த பாட்டுகளைத் திரை அணைந்தபடி கேட்கவும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் செலவில்லாமல் இப்போது இரவு வரை வருகிறது.

5000 எம்ஏஎச் பேட்டரியில் மொத்தம் இருப்பது சுமார் 19 வாட் மணி. வெளிச்சத்தைக் கூட்டி வைத்து வீடியோ ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை, இரண்டு வாட் மணி போய்விடும். திரை அணைந்து சும்மா கிடக்கிற போன் அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காது. நோக்கியா 1100 நான்கு நாள் ஓடியதும் இதனால்தான். அந்தச் சின்னத் திரைக்கு எரிய வேண்டிய வேலையே இல்லை.

அதனால் முதலில் வெளிச்சம். தானாகக் கூடிக் குறைகிற வசதியைப் போட்டுவிடுங்கள். திரை தானே அணைகிற நேரம் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று இருந்தால் முப்பது நொடிக்குக் குறையுங்கள். திரையில் 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை படம் புதுப்பிக்கிற வசதி இருந்தால் 60க்கு மாற்றுங்கள், உங்கள் உபயோகத்தில் வித்தியாசம் தெரியாது. நான்கு நாள் இப்படி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மதியம் 20 காட்டினால், வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். எட்டு மாதம் என்றால் போனுக்கு வாரண்டி இருக்கும், பேட்டரிக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே கொடுத்துப் பிரித்தால் அது போய்விடும், என் கடையானாலும் அப்படித்தான்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. வீட்டில் இருக்கும்போது சார்ஜ் நன்றாக நிற்கிறது. காட்டுக்குள் போனால் போனைத் தொடாமலே மூன்று மணி நேரத்தில் 30 சதவீதம் இறங்கிவிடுகிறது. புது போன் மாற்றியும் இதே கதைதான்.
– வால்பாறை

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போனை மாற்றியும் சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், காரணத்தை நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். கோளாறு போனில் இல்லை, டவரின் தூரத்தில் இருக்கிறது.

பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேச மெதுவாகப் பேசினால் போதும். வயலுக்கு அந்தக் கரையில் நிற்கிறவரைக் கூப்பிட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். போனும் அப்படித்தான். டவர் அருகில் இருந்தால் மிகக் குறைந்த சக்தியில் பேசும். சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு என்று இறங்க இறங்க அதன் உச்ச அளவுக்குக் கத்தும். 4ஜியில் அந்த உச்சம் 0.2 வாட். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அதை வெளியே அனுப்புகிற பெருக்கி பேட்டரியிலிருந்து உறிஞ்சுவது அதைப்போலப் பல மடங்கு. சிக்னல் சுத்தமாக இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். எந்த டவராவது கிடைக்குமா என்று விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். உங்கள் போனில் இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகத் தேடல் நடக்கும். சட்டைப்பையில் கிடந்தபடியே போன் வெதுவெதுப்பாக இருந்தால் இதுதான் விஷயம்.

வழக்கமாக இதற்குச் சொல்கிற யோசனை, டவர் இல்லாத இடத்தில் ஃப்ளைட் மோடில் போடுங்கள் என்பது. உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். வால்பாறையில் யானை நடமாட்டம் பற்றிய எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வருகிறது. அது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும், தோட்டத்தில் யாருக்காவது ஒன்று என்றால் உங்களைக் கூப்பிடவும் முடிய வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்க அதை நிறுத்தக் கூடாது.

அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். தோட்டத்துக்குள் எந்த சிம்முக்குக் கொஞ்சமாவது டவர் இருக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். வேலை நேரத்தில் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற சிம்மை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள், கழற்ற வேண்டியதில்லை. மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிடுங்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் டேட்டா இல்லாமலே வரும். பின்னால் ஓடுகிற வாட்ஸ்அப், படம், மெயில் எல்லாம் மேட்டுக்கு வந்ததும் சேர்ந்து இறங்கட்டும். 5ஜி போன் என்றால் நெட்வொர்க் தேர்வில் 4ஜியை வையுங்கள். 5ஜி சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவும், அதுவும் செலவுதான். சிலர் 2ஜிக்கு மாற்றச் சொல்வார்கள். ஜியோ சிம் வைத்திருந்தால் அது நடக்காது, அவர்களுக்கு 2ஜியே கிடையாது.

இன்னொன்று, போனை எங்கே வைக்கிறீர்கள் என்பது. பேன்ட் பையில், உடம்போடு ஒட்டி இருந்தால் சிக்னல் இன்னும் குறையும். மேல் சட்டைப்பையிலோ தோள்பையின் வெளி அறையிலோ வைத்துப் பாருங்கள். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும், சிக்னலை அது தடுக்காது.

வீட்டுக்கு பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால், டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே அழைப்பு பேசுகிற வைஃபை காலிங் என்ற வசதியையும் போட்டுவிடுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும், ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். டவர் சரியில்லாத வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதைப்போல உபயோகமான வசதி வேறு இல்லை என்பேன்.

கேள்வி: உணவு டெலிவரி செய்கிறேன். பைக் ஹேண்டிலில் போனை மாட்டி மேப் பார்த்து ஓட்டுவேன், வண்டியிலேயே சார்ஜும் போட்டிருப்பேன். அப்படியும் 12 மணிக்கு மேல் சார்ஜ் ஏறாமல் இறங்குகிறது. ஒரு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன்.
– சென்னை

தம்பி, உன் வருமானமே அந்த போனில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேட்டரிக்கு வெயிலைப் போல எதிரி கிடையாது. ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் உபயோகிக்கச் சொல்லி ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. சென்னை மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். நீ போனை நேர் வெயிலில் மாட்டுகிறாய். வெயிலில் தெரிய வேண்டுமென்று வெளிச்சம் முழுசாக இருக்கும். ஜிபிஎஸ் ஓடுகிறது, டேட்டா ஓடுகிறது. அதோடு சார்ஜும் ஏறுகிறது, சார்ஜ் ஏறும்போது பேட்டரி தானாகவே சூடாகும். மேலே கனமான ரப்பர் கவர். இத்தனை சூடும் வெளியே போக வழியில்லை.

ஒரு அளவுக்கு மேல் சூடானால் போன் சார்ஜ் எடுப்பதைத் தானே குறைக்கும், இல்லாவிட்டால் நிறுத்திவிடும். பேட்டரியைக் காப்பாற்ற அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். நண்பகலில் ஒயர் மாட்டியும் உனக்கு இறங்குவது அதனால்தான். உன் சார்ஜரில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சூட்டில் உள்ளே இருக்கிற ரசாயனமும் வேகமாகக் கெடும், அப்படிப் போன கொள்ளளவு குளிர்ந்த பிறகும் திரும்பி வராது. இரண்டு பேட்டரி போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

வேலை நேரத்தில் கவரைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் மெல்லியதாக ஒன்று போடு. வண்டியில் சார்ஜ் போடுவதை வெயில் நேரத்தில் நிறுத்து. காலையிலும், வெயில் தாழ்ந்த பிறகும் போட்டுக்கொள். மதியம் சாப்பிடுகிற அரை மணி நேரம் போனை நிழலில், ஃபேன் காற்றில் வைத்து ஏற்று. அந்த அரை மணி நேரத்தில் ஏறுவது, வெயிலில் இரண்டு மணி நேரம் ஒயர் மாட்டியதைவிட அதிகமாக இருக்கும்.

மேப் விஷயம். கிளம்பும் முன் நின்று வழியைப் பார்த்துக்கொள், அப்புறம் போனைச் சட்டைப்பையில் போட்டு ஸ்பீக்கரில் குரலைக் கேட்டு ஓட்டு. தெரிந்த ஏரியாவில் அது போதும். திரை அணைந்திருந்தாலும் குரல் வரும். உன் பகுதியின் வரைபடத்தை கூகுள் மேப்ஸில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவும் மிச்சம். டெலிவரி ஆப்பின் லொக்கேஷனை மட்டும் அணைத்துவிடாதே, ஆர்டர் வராது.

ஹேண்டிலில் மாட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பைக் எஞ்சினின் பலமான அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் எச்சரிக்கை கொடுத்தது. எந்த போனானாலும் அந்த மாதிரி கேமரா இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் 10000 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு முறை சார்ஜ் ஏறும் என்று கணக்குப் போடாதே. அந்த 10000 உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக மாறி வரும்போது குறையும், வழியில் சூடாகவும் கொஞ்சம் போகும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று தனியாக ஒரு எண் இருக்கும், 6000 சொச்சம். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: புது போனுக்கு முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமா? முழுக்க இறங்கிய பிறகுதான் மறுபடி போட வேண்டும் என்கிறார் என் மாமனார். ராத்திரி முழுக்கப் போடலாமா கூடாதா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

அம்மா, உங்கள் மாமனார் சொல்வது ஒரு காலத்தில் சரிதான், அவரைக் குறை சொல்லாதீர்கள். நிக்கல் பேட்டரி இருந்த காலத்தில் முழுக்க இறக்கி முழுக்க ஏற்றச் சொல்வார்கள். கடை போட்ட புதிதில் நானும் எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது இருப்பது லித்தியம் அயான். சோனி 1991இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய வேலைக்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97. இந்த ஒரு பரிசைக் கேட்டபோது என் வீட்டு விசேஷம் போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கடை ஓடுவதே அவர்கள் கண்டுபிடித்ததில்தான்.

லித்தியம் பேட்டரிக்கு 8 மணி நேரக் கணக்கு தேவையில்லை. முழுக்க இறக்குவது அதற்குக் கெடுதல். 30, 40 இருக்கும்போதே போடலாம், 70இல் எடுக்கலாம். பேட்டரியின் ஆயுளை எத்தனை சார்ஜ் சுற்று என்றுதான் கணக்கிடுவார்கள், ஒரு சுற்று என்பது மொத்தக் கணக்கு. இன்று 50, நாளை 50 ஏற்றினால் சேர்த்து ஒரு சுற்று, அவ்வளவுதான்.

ராத்திரி போட்டால் வெடிக்காது, 100 வந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். ஆனால் விடிய விடிய 100இல் நிறுத்தி வைப்பதும், சூடும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். தலையணைக்கு அடியிலும் மெத்தை மேலும் மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போது பல போன்களில் 80இல் நிறுத்துகிற வசதி இருக்கிறது. வீட்டிலேயே இருக்கிறவர் அதைப் போட்டுக்கொள்ளலாம். வெளியே போய் இரவு திரும்புகிறவர் 100 ஏற்றிக்கொண்டே போகட்டும். பேட்டரி மூன்று வருடம் வருவதற்காக இன்று மாலை போன் செத்துப்போவதில் அர்த்தமில்லை.

கேள்வி: டார்க் மோட் போட்டால் சார்ஜ் மிச்சமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

திரையின் பின்னணியைக் கருப்பாக்குவதுதான் டார்க் மோட், மிச்சமாகுமா என்பது உன் திரையைப் பொறுத்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முழுக் கருப்புப் படம் ஒன்றைத் திறந்து பார். கருப்பு மங்கலாகச் சாம்பல் போல ஒளிர்ந்தால் அது எல்சிடி. பின்னால் விளக்கு எப்போதும் எரியும், டார்க் மோடால் பலனில்லை. திரை எங்கே முடிகிறது என்றே தெரியாத இருட்டாக இருந்தால் அது ஓஎல்இடி, கருப்புப் புள்ளிகள் அதில் அணைந்தே இருக்கும்.

அப்படி இருந்தாலும், அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021இல் அளந்து பார்த்ததில், 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம் மட்டும்தான் மிச்சமானது. முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமானது. ஆக வெயிலில் நிற்கும்போது டார்க் மோட் நல்ல உதவி. விடுதி அறையில் கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள், சார்ஜுக்காக வேண்டாம்.

கேள்வி: நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடிவிடுவேன். பேட்டரி சேவர் ஆப்பும் போட்டிருக்கிறேன். சரிதானே?
– ஜவுளிக்கடை ஊழியர், சேலம்

சரியில்லை. அந்த வரிசையில் தெரிகிற ஆப்களில் முக்கால்வாசி உறைந்து கிடப்பவை, செலவே செய்யாது. மூடிவிட்டு ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பை மறுபடி திறந்தால் அடியிலிருந்து கிளம்ப வேண்டும், அதற்குத்தான் அதிகச் செலவு. 2016இல் ஒரு வாடிக்கையாளர் மெயிலில் இதைக் கேட்டபோது, நான் மூடுவதில்லை, தேவையும் இல்லை என்றுதான் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பதில் சொன்னார். ஆண்ட்ராய்டிலும் 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து சும்மா கிடக்கிற போன் தானே தூங்கப் போய்விடும்.

பேட்டரி சேவர் ஆப்பை இன்றே நீக்குங்கள். விளம்பரம் காட்டிக்கொண்டு பின்னால் ஓடுவதே அதுதான். போனிலேயே வருகிற பேட்டரி சேவர் வேறு, அதைத் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: போனின் பின்பக்கம் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜும் நிற்கவில்லை. அழுத்தி ஒட்டிவிடலாமா?
– மளிகைக் கடைக்காரர், பொள்ளாச்சி

அழுத்தாதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. ரசாயனம் கெட்டு வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், போனை அணைத்துவிட்டு, தீப்பிடிக்கிற பொருள் இல்லாத இடத்தில் வைத்து, நாளைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். காற்றுப் பட்டால் தீப்பற்றக்கூடிய பொருள் அது.

புது பேட்டரி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பல வருடம் முன்பு ஒரு மொத்த வியாபாரியிடம் விலை குறைவாக வருகிறதே என்று ஒரு பெட்டி பேட்டரி எடுத்தேன். அதில் ஒன்றை, பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அம்மாவின் போனுக்குப் போட்டேன். நான்காம் மாதம் உப்பிப்போய் திரையையே தூக்கிவிட்டது. அவர் சண்டை போடவில்லை, "பாத்துக் குடுங்க சாமி" என்று மட்டும் சொன்னார். திரையும் பேட்டரியும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன், மீதிப் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். அவருடைய மூன்று நாள் வியாபாரம் போனதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்று தொடங்குகிற பதிவு எண்ணும் அச்சடித்திராத பேட்டரியை நான் தொடுவதில்லை. அந்த பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் போட்டால் யார் தயாரித்தது என்று வந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அவரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் போகிறேன். 20000 எம்ஏஎச் பவர் பேங்க் கொண்டுபோகலாமா? போய் இறங்கியதும் மகளுக்கு போன் செய்ய சார்ஜ் இருக்க வேண்டும்.
– திருச்சி

கொண்டுபோகலாம் அம்மா. 20000 என்றால் 74 வாட் மணி, அனுமதி கேட்காமல் எடுத்துப்போகிற எல்லை 100. ஆனால் கையில் வைத்திருக்கிற பையில்தான் இருக்க வேண்டும், கவுன்டரில் போடுகிற பெட்டியில் வைக்கவே கூடாது. அதன் மேல் எழுத்து அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்துக்குள் அதை நம்பி இருக்காதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க் மூலம் சார்ஜ் போடுவதைத் தடை செய்துவிட்டன. அதனால் விமான நிலையத்தில் காத்திருக்கும்போதே போனை 100 வரை ஏற்றிவிடுங்கள். இருக்கையில் உட்கார்ந்ததும் ஃப்ளைட் மோட், இறங்கும்வரை அப்படியே இருக்கட்டும். சாங்கியில் இறங்கியதும் விமான நிலையத்தின் இலவச வைஃபையிலேயே மகளை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுவிடலாம்.